நீ சொன்ன சொல்லும் நான் சொன்ன சொல்லும்

பாபு,

போன ஞாயிறு நீ பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. உன்னோடு பேசும் தைரியம் எனக்கும் அப்போது இல்லை; எடுக்காததே நல்லது என்று விட்டுவிட்டேன். நீ சொன்னது மட்டும் காதிலேயே நிற்கிறது. "கல்யாணத்தத் தள்ளிப் போட்டுடலாம்னு இருக்கேன்மா. அந்த ஊட்டுப் பொண்ணக் கட்டிக்க எனக்கு யோக்கியதை இல்ல." உனக்குப் பெண் தேடித் தேடித் தரகர்களே ஓய்ந்துபோனார்கள். பட்டாபிராமில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "பையனுக்கு ஆச்சா?" என்று கேட்டுக் கேட்டு, நான் மார்க்கெட்டுக்குப் போகும் தெருவையே மாற்றிக்கொண்டேன். கடைசியில் நீயே ஒருத்தியைப் பார்த்து, அவள் வீட்டிலும் சரி என்று சொல்லி, மண்டபமும் பேசி முடித்த பிறகு இப்படிச் சொல்கிறாய். வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் உன்னை ஒரு பிடி பிடித்திருப்பேன். நீ சொன்ன காரணத்துக்கு உன்னைத் திட்ட எனக்குத்தான் யோக்கியதை இல்லை.

நீ கட்டிக்கொள்ளப் போகிற தர்சினி உன்னை நீங்கள் இருக்கிற ஐரோப்பா ஊரின் மியூசியத்துக்குக் கூட்டிப் போனதையும், அங்கே ஹிட்லர் யுத்த காலத்துப் போலீஸ் அதிகாரி ஒருவரின் படத்தைப் பார்த்ததையும் நீ சொன்னாய். தோட்டத்தில் நாற்காலி போட்டு, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாராம். அவர்தான் வீடு வீடாகப் போய் யூதர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கொலை முகாமுக்கு ரயிலேற்ற உதவியவராம். "அவன் எங்கியோ இருந்து வந்தவன் இல்லம்மா, அதே ஊர்க்காரன். அவங்களோட ஒரே கடையில ரொட்டி வாங்கினவன். எந்த ஊட்ல யார் ஒளிஞ்சிருக்காங்கன்னு பக்கத்து ஊட்டுக்காரங்களே வந்து சொல்லியிருக்காங்க" என்றாய். அன்று சாயங்காலம் தர்சினி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, இலங்கையிலிருந்து வந்த அவள் அம்மா, தன் தம்பியைத் தமிழ்நாட்டில் போலீஸ் பிடித்து முகாமில் அடைத்ததைச் சொன்னார் என்றாய். நம் வீட்டு ஜோக் அப்போது உன் வாய் வரைக்கும் வந்துவிட்டதாம். அதைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தாயாம். அப்புறம்தான் அது என்ன ஜோக் என்று உனக்கே உறைத்திருக்கிறது. "நான்தானம்மா அவங்களக் காட்டிக் குடுத்தது" என்று சொல்லி போனை வைத்தாய்.

இல்லை பாபு. அது நீ இல்லை. நான்.

இதை உனக்கு மட்டும் ரகசியமாக எழுதவில்லை. தர்சினி படிக்கட்டும், அவள் அம்மா படிக்கட்டும். அந்த ஜோக்கைக் கேட்டு இத்தனை வருஷம் நம் வீட்டுக் கல்யாணங்களில் சிரித்தவர்கள் எல்லாரும் படிக்கட்டும். நீ உன் பழியாக நினைத்து அழுகிற விஷயம் உன்னுடையதே இல்லை. உனக்கு நினைவு தெரியாத வயதில் உன் தலையில் அதை ஏற்றினோம். ஏற்றியது உன் அப்பா. இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது நான்.

தெரியாதவர்களுக்காக அந்த ஜோக்கையும் சொல்லிவிடுகிறேன். போலீஸ் எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூடம்கூடப் போகாத வயது. ஒருநாள் அப்பாவைப் பார்த்து "கெதியா வாங்கோ" என்றானாம். கெதியா என்றால் சீக்கிரமாக. அது இலங்கைத் தமிழர் பேச்சு. இந்தப் பேச்சு இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்பா பார்த்தாராம். பக்கத்து வீட்டில் போலீசில் பதியாமல் ஒளிந்திருந்த சிலோன்காரர்கள் மாட்டினார்களாம். "புள்ள கெதியா வாங்கோன்னான், அப்பன் கெதியா போய்ப் புடிச்சான்" என்று முடிப்பார் உன் அப்பா. எல்லாரும் சிரிப்பார்கள். நீ ஏழெட்டு வயதில் நடுக்கூடத்தில் நின்று, அந்த இரண்டு சொல்லையும் அதே ராகத்தில் சொல்லிக் காட்டுவாய். உன் மாமா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "நைனா, உங்கப்பன விட நீதாண்டா பெரிய போலீசு" என்பார். நான் சமையல்கட்டில் பாயசம் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நமக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. பட்டாபிராமில் ரயில்வே லைனை ஒட்டி, ஒரே சுவரைப் பங்குபோட்ட இரண்டு வீடுகளில் ஒன்றில் நாம் குடியிருந்தோம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சுவிட்ச் பூட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் உன்னை யாரிடம் விடுவது என்பதே எனக்குப் பெரிய கவலை. அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுக்கு ஒரு புருஷன் பெண்சாதி குடிவந்தார்கள். நாகர்கோவில் பக்கம் என்றார்கள். அவர் அம்பத்தூரில் லேத் பட்டறைக்குப் போவார். அவள் பேர் யோகா என்றாள். குழந்தை இல்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. நீ ஒருநாள் தவழாத குறையாகச் சுவர் ஓரமாகப் போய் அவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டாய். அதோடு என் கவலை தீர்ந்தது.

யோகா எங்களிடம் அதிகம் பேசமாட்டாள். பேசினால் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசுவாள். எனக்கு அப்போது அது கர்வம் என்று பட்டது. அவள் ஆசைதீர வாயைத் திறந்தது உன்னிடம் மட்டும்தான். நீ குழந்தை, உன்னிடம் என்ன பயம் என்று நினைத்திருப்பாள். நான் வேலை முடிந்து வரும்போது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். "வடிவாச் சாப்பிடுங்கோ ராசா. கெதியாச் சாப்பிட்டாத்தான் அம்மா வருவா." வடிவா என்றால் நன்றாக. என்னைக் கண்டதும் அந்தப் பேச்சு நின்றுவிடும். "குழந்தை சாப்பிட்டுவிட்டது அக்கா" என்று செய்தி வாசிப்பாள்.

உன் அப்பாவின் வேலை அந்த வருஷம் என்ன என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கை இயக்கத்துக்காரர்கள் இங்கே ஒரு பெரிய தலைவரைக் கொன்று, ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். கடலுக்கு அந்தப் பக்கம் யுத்தம். இங்கே தங்கியிருந்த இலங்கைத் தமிழர்கள் எல்லாரும் போலீசில் பதிய வேண்டும் என்று உத்தரவு. பதிந்தால் முகாமுக்கு அனுப்புவார்கள், அல்லது கப்பலில் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயத்தில் பலபேர் பதியவில்லை. அவர்களைக் கண்டுபிடிக்கிற வேலை உன் அப்பாவுக்கு. அதில் அவர் கெட்டிக்காரர். முகம் நம் முகம், நிறம் நம் நிறம், கும்பிடுகிற சாமியும் நம் சாமி. எப்படிப் பிரித்தெடுப்பது? பேச்சை வைத்துத்தான். பெரியவர்களிடம் அவர் ஒன்றும் கேட்கமாட்டார். வாசலில் விளையாடுகிற குழந்தைக்கு ஒரு மிட்டாயைக் கொடுத்து, காலையில் இன்னா சாப்பிட்ட, அப்பா எங்க போயிருக்காரு என்று கேட்பார். "பெரியவங்க வாயக் கட்டிப்பாங்க. புள்ளைங்களுக்குக் கட்டத் தெரியாது" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். அவரை நல்ல போலீஸ்காரர் என்று ஸ்டேஷனில் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் பிடித்துக் கொடுத்தவர்களில் துப்பாக்கி எடுத்தவர் எத்தனை பேர், ஓடிவந்த ஏழைகள் எத்தனை பேர் என்று அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பி, நம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அவர் உன்னைக் கடைக்குக் கூட்டிப் போய்விட்டுப் போவதாகப் பேச்சு. நீ தெருவில் நின்று ஒரு காலைத் தரையில் உதைத்து, "அப்பா, கெதியா வாங்கோ" என்றாய். லேஸைப் பிடித்த கை அப்படியே நின்றது. அவர் நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்தார். அந்த வீட்டு ஆள் மாதக்கணக்கில் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனதும், நீ அந்த வீட்டிலேயே வளர்ந்ததும் அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்குள் ஓடியிருக்க வேண்டும். அவர் முகத்தில் வேர்த்துவிட்டது. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "எனக்கு ஒண்ணும் கேக்கல. உனக்கு எதுனா கேட்டுச்சா?"

"இல்லீங்க" என்றேன்.

அவ்வளவுதான் பாபு. உன் சொல் அங்கேயே முடிந்துவிட்டது. அதைக் கேட்டவர் கேட்கவில்லை என்று முடிவு செய்துவிட்டார். அந்த வருஷத்தில் அவர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். இதைச் சொல்லி அவரை நல்லவராக்க நான் பார்க்கவில்லை. மற்ற வீட்டு வாசல்களில் அவர் காது நன்றாகவே கேட்டது. மற்ற வீட்டுக் குழந்தைகள் சொன்ன சொல் ஒவ்வொன்றும் அவருக்குக் கேட்டது. தன் பிள்ளை வாயிலிருந்து வந்தபோதுதான் காது அடைத்தது. அப்படியானாலும் யோகாவின் கதவை அவர் தட்டவில்லை. தட்டாமலே அந்த வருஷம் ஓடியிருக்கும்.

இனி என் கதை. நீ அவளோடு ஒட்டிக்கொண்டது முதலில் எனக்கு வசதியாக இருந்தது. பிறகு உறுத்த ஆரம்பித்தது. நான் பிசைந்து கொடுத்த சோறு உனக்கு இறங்காது. அவள் அவித்த பிட்டு என்றால் தட்டை நக்குவாய். நான் வேலையிலிருந்து வந்து தூக்கினால், அவள் தோளை விடமாட்டாய். தெருவில் ஒருத்தி கேலியாக, "இன்னாம்மா, பெத்தது நீ, புள்ள அவளோடதா?" என்று கேட்டாள். நானும் சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன். என் பொறாமையைப் பொறாமை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் அதற்கு வேறு பேர் கொடுத்தேன். இவள் எந்த ஊரோ, என்ன சாதியோ, நம் பிள்ளையை மயக்குகிறாள் என்றேன். போலீஸ் வீட்டில் இப்படிப் பழக்கம் வைத்துக்கொண்டால் உன் அப்பா வேலைக்கே ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல அது உண்மை போலவே ஆகிவிட்டது. நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன், அதனால் சொல்கிறேன். எரிச்சல் வந்தால் எரிச்சல் என்றே சொல். பொறாமை என்றால் வெட்கத்தை விட்டு உன் பெண்டாட்டியிடம் அந்தப் பேரையே சொல். கடமை, பாதுகாப்பு, குடும்ப நன்மை என்று அதற்குச் சட்டை மாட்டி வெளியே அனுப்பாதே. அது தனியாகப் போய் யார் வீட்டையாவது இடித்துவிட்டு வரும்.

உனக்கு மழைக்காலத்தில் சளிக் காய்ச்சல் வந்தது. நான் லீவு போட்டு உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்து, "யோகாம்மா" என்றாய். "இல்லடா, அம்மாடா" என்றேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் அவளையே கூப்பிட்டாய். அவளுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. கதவோரம் வந்து நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. "தூங்குறான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அன்று மத்தியானம் உன் அப்பாவின் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கோ போக வேண்டும். அப்பா சட்டை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடித்துக்கொண்டே சும்மா பேச்சுக்கு, "பக்கத்துல யாரு குடியிருக்காங்க?" என்று கேட்டார். உன் அப்பா உள்ளேயிருந்தே, "நாகர்கோவில்காரங்க சார்" என்றார். நான் காலி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"நாகர்கோவில்ல டீயைத் தேத்தண்ணின்னா சார் சொல்றாங்க?"

இதுதான் நான் சொன்ன சொல், சுவருக்கு அந்தப் பக்கம் யோகா வாயிலிருந்து கேட்ட இலங்கைச் சொல். இன்ஸ்பெக்டர் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். உன் அப்பா உள்ளேயிருந்து பட்டன் போடாத சட்டையோடு வெளியே வந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் யார் என்றே தெரியாதவர் பார்க்கிற மாதிரி பார்த்தார். இன்ஸ்பெக்டர் அவரிடம், "இன்னாய்யா, உன் ஊட்டம்மாவுக்குக் கேட்டது உனக்குக் கேக்கலியா?" என்றார். அதற்குமேல் உன் அப்பாவால் கேட்கவில்லை என்று சொல்ல முடியவில்லை. அவர் வேலை, அவர் பென்ஷன், நம் சோறு எல்லாம் அந்தக் கேள்வியில் இருந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. மியூசியத்தில் நீ படித்தாயே, யுத்தம் முடிந்த பிறகு எல்லாரும் எங்களுக்குத் தெரியாது என்று சொன்னார்கள் என்று. அங்கே நடந்தது வேறு அளவு, லட்சக்கணக்கில் கொன்றார்கள். இங்கே நடந்ததை அதோடு தராசில் வைக்க நான் யார்? ஆனால் அங்கே காட்டிக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியும் பாபு. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருந்தது. முகாம் என்று பேர்தான், பூட்டு வெளிப்பக்கம் இருக்கும் என்று உன் அப்பா சொல்லியிருக்கிறார். புருஷனை ஒரு பக்கமும் பெண்சாதியை ஒரு பக்கமும் வைப்பதையும், கப்பலில் ஏற்றினால் அந்தக் கரையில் யார் கையில் விழுவார்கள் என்பது யாருக்கும் தெரியாது என்பதையும் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறார். ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டிருக்கிறேன். அவள் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். எங்கே போவாள் என்பது தெரிந்தேதான் நினைத்தேன்.

அவள் புருஷனைப் பட்டறையிலிருந்தே கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவளை வேனில் ஏறச் சொன்னார்கள். அவள் நம் வாசலுக்கு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். செய்தி வாசிக்கிற பேச்சு போய்விட்டது. "அக்கா, அண்ணையிட்டச் சொல்லுங்கோ. இவருக்கு ஒண்டும் தெரியாது, இவர் இயக்கத்தில இருந்தவர் இல்லை. நீங்கள் சொன்னா அண்ணை கேப்பார்" என்றாள். அவளைக் காட்டிக் கொடுத்தவளிடமே வந்து கெஞ்சினாள். நான், "சொல்றேன்" என்றேன். வேனில் கால் வைத்தவள் திரும்பி, "பிள்ளைக்குச் சளி இன்னும் இறங்கேல்லை அக்கா. வெந்நீர்தான் குடுங்கோ" என்றாள். கதவைச் சாத்தி வேனை எடுத்துவிட்டார்கள்.

நான் உன் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் என்னிடம் கேட்கவில்லை. பல வாரம் நாங்கள் சாப்பாடு, பால், கரண்ட் பில் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. நீ தினமும் அந்தச் சுவரைத் தட்டினாய். பூட்டிய கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாய். நான் தாங்காமல் ஒருநாள், "அவங்க கெட்டவங்கடா, அப்பா புடிச்சிக்கினு போய்ட்டாரு" என்று கத்தினேன். நீ அதற்குப் பிறகு தட்டவில்லை. உன்னை வளர்த்த ஒருத்தியைக் கெட்டவள் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

அந்த ஜோக் எப்படி வந்தது தெரியுமா? அடுத்த பொங்கலுக்கு என் பிறந்த ஊரான வெள்ளானூருக்குப் போனபோது, உன் மாமா எல்லார் முன்னாலும், "எப்டி மாமா புடிச்சீங்க அந்த சிலோன்காரங்கள?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். உன் அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். உண்மையைச் சொன்னால் என்னைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியைப் பொறாமையில் காட்டிக் கொடுத்தவள் என்று என் பிறந்த வீட்டிலேயே எனக்குப் பேராகும். அவர் உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நான் எங்க புடிச்சேன், இவன்தான் புடிச்சான்" என்றார். குழந்தை மேல் யாரும் பழி சொல்லமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. சொல்லச் சொல்ல அவரும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குக்கூடச் சொன்னார். நான் மட்டும் அதை ஒருநாளும் நம்பவில்லை. நம்பாமலே, உன்னை மறைப்பாக வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

நேற்று கல்யாண விஷயமாகப் பேச வெள்ளானூருக்குப் போனேன். நீ சொன்னதை யாருக்கும் சொல்லவில்லை. மாமா நல்ல குஷியில் இருந்தார். கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னாக்கா, நம்மாளு கைராசியப் பாத்தியா? அன்னிக்கும் சிலோன்காரங்களப் புடிச்சான், இன்னிக்கும் சிலோன் பொண்ணையே புடிச்சிட்டான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவன் புடிக்கல. நான்தான் காட்டிக் குடுத்தேன்" என்றேன். இன்ஸ்பெக்டர், டீ, தேத்தண்ணி எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். மாமா முகம் சுருங்கிப்போயிற்று. "உடுக்கா. மாமாவே போய்ச் சேந்துட்டாரு. இப்ப போய் இத்தக் கிளறிக்கினு... பொண்ணு ஊட்ல தெரிஞ்சா கல்யாணம் நடக்குமா?" என்றார். உன் அத்தை மட்டும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அப்ப அந்தப் பொம்பள இன்னா ஆனா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் நம் குடும்பத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். உன் அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம், புருஷனைத் தனியாக வைத்தார்கள், பிறகு இரண்டு பேரையும் ஏதோ ஒரு கப்பலில் ஏற்றினார்கள் என்பதுதான். அதற்குப் பிறகு அங்கே நடந்த யுத்தத்தை நீயும் நானும் டிவியில் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் நான் சேனலை மாற்றினேன்.

இதற்கு மன்னிப்பு என்று ஒன்று இருந்தால் அதைக் கொடுக்க வேண்டியவள் யோகா. அவள் பேர் யோகாதானா என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் இருந்தால் அறுபது வயதைத் தாண்டியிருப்பாள். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்பது வேறு விஷயத்துக்கு. உன்னை நடுக்கூடத்தில் நிறுத்தி அந்த இரண்டு சொல்லைச் சொல்ல வைத்தபோதெல்லாம் நான் குறுக்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன ஞாயிறு நீ அழுதபோதுகூட உடனே சொல்லவில்லை பாபு. நீ போனை வைத்த பிறகு எனக்கு முதலில் வந்தது, நல்லவேளை இவனுக்கு இன்னும் தெரியவில்லை என்கிற நிம்மதி. அது வந்த பிறகுதான் என்னைக் கண்டே எனக்குப் பயமாயிற்று. அந்தப் பயத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ ஒரு குழந்தை. உன்னைச் சோறூட்டி வளர்த்தவளின் பேச்சை நீ அன்பாகக் கற்றுக்கொண்டாய், அன்பாகத் திருப்பிச் சொன்னாய். அதில் எந்தக் குற்றமும் இல்லை. தர்சினியிடமும் அவள் அம்மாவிடமும் இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டு. அவர்கள் மனம் நோகுமே என்று எந்த இடத்தையும் விட்டுவிடாதே. முக்கியமாக என்னைக் காப்பாற்ற எதையும் விடாதே. தர்சினி அம்மாவின் தம்பியைப் பிடித்தது உன் அப்பா இல்லாமல் இருக்கலாம். இன்னொரு ஊரில் இன்னொரு போலீஸ்காரராக இருக்கலாம். ஆனால் அந்த வாசலிலும் என்னைப் போல ஒருத்தி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பாள். அவர் என்னிடம் எது கேட்டாலும் பதில் சொல்கிறேன். போனில் என்றால் போனில், நேரில் என்றால் நேரில்.

கல்யாணத் தேதியை மாற்றாதே. பேசிய நாளில், பேசிய மண்டபத்தில் அது நடக்கட்டும். நான் வரலாமா என்பதை நீ முடிவு செய்ய வேண்டாம், நானும் செய்யவில்லை. தர்சினியின் அம்மா சொல்லட்டும். வரவேண்டாம் என்று சொன்னால், என் இடத்தில் நிற்க அத்தையையோ வேறு யாரையோ தேடாதே. மாப்பிள்ளையின் அம்மா எங்கே என்று கேட்கிறவர்களிடம் உண்மையைச் சொல். மேடையில் உன் பக்கத்தில் அம்மா நிற்கிற இடம் காலியாகவே இருக்கட்டும். அந்த இடத்தில் நிற்கவேண்டிய ஒருத்தியை வேனில் ஏற்றி அனுப்பியது நான்.

அம்மா